சீனித் தண்ணீர் நிறம் மாறாது

நான் வேலை செய்து ஓய்வுபெற்ற ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் ஒரு நினைவு மலர் போடப்போகிறார்களாம். "மிஸ், உங்க காலத்துச் சந்தோஷமான சம்பவம் ஒண்ணு ரெண்டு எழுதித் தாங்க" என்று போனில் கேட்டார்கள். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார்கள். புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறதாம். சிறுநீரைக் காட்டினால் போதுமாம், எல்லா முடிவையும் அதுவே அச்சடித்துத் தந்துவிடுமாம். "இனி நாங்க யோசிக்கவே தேவையில்ல மிஸ்" என்று ஒரு பிள்ளை சிரித்தாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தோஷமாக எழுத உட்கார்ந்தவள்தான், கை இங்கே வந்து நிற்கிறது. மலரில் போட முடியாவிட்டால் போடாமல் விடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா ரயில்வேயில் வேலை, நாவலப்பிட்டியில் வீடு. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தேன். டொக்டராகப் புள்ளி போதவில்லை. கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சி கிடைத்தது. விடுதிச் சோற்றைத் தின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு படித்து முடித்தேன். முதல் நியமனம் எங்கள் ஊர்ப் பக்கமே கிடைத்தது.

உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது உயிரின் இரசாயனம். தண்ணீர், மாச்சத்து, புரதம், கொழுப்பு, நொதியம். பரீட்சைக்குப் பாடமாக்கி, பரீட்சை முடிந்த அன்றே எல்லோரும் மறந்துவிடும் அத்தியாயம் அது. நான் வேலை செய்த காலம் முழுக்க அந்த ஒரு அத்தியாயத்தில்தான் சோறு தின்றேன். அதில் ஒரு பக்கத்தை மறந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அந்த நாளில் சிறுநீரில் சீனி பார்க்க நாங்கள் பெனடிக்ற் கரைசலைத்தான் பாவித்தோம். அது மயில் கழுத்து நீலம். சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலீற்றர் எடுத்து, அதில் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டும். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், நிறைய இருந்தால் செங்கல் நிறத்தில் அடியில் படியும். பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், நிறத்தைத் தீர்மானிப்பது நம் கண்தான். அறை முழுக்க மூத்திரம் கொதிக்கிற வாடை அடிக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா, "மொதல்ல குளிச்சிட்டு வா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவா.

முதல் நியமனத்திலேயே ஒரு பாடம் படித்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு காவல்காரக் கிழவர் சிறுநீரை ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்தார். கொதிக்க வைத்தவுடனே செங்கல் நிறம். மனிதர் அப்படியே நடந்து வந்து, பீடி நாற்றத்தோடு கதை பேசிக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு சீனி உள்ளவர் இப்படி நிற்க மாட்டாரே என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கடையில் விற்கும் குளுக்கோஸ் தூள் டப்பா! "கழுவினீங்களா தாத்தா?" என்றேன். "நல்ல டப்பா தானம்மா, எதுக்குக் கழுவணும்?" என்றார். சுத்தமான போத்தலில் மறுபடி பிடித்துக் கொடுத்தார், நீலம் அப்படியே நின்றது, சீனி ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து போத்தலையும் ஆளையும் பார்க்காமல் நான் முடிவு எழுதியதில்லை.

பிறகுதான் கண்டிக்கும் நாவலப்பிட்டிக்கும் இடைப்பட்ட ஒரு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஆய்வுகூடப் பொறுப்பாளர் தில்லையம்பலம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு எப்போதும் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். கண்ணாடியை அடிக்கடி கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். கேள்வி கேட்டால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், துடைத்து முடிவதற்குள் கேட்டவருக்கு வாய் வறண்டுவிடும். வேலையில் நேரம் தவறாதவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

நான் போவதற்குச் சில வருஷம் முன்னரே அங்கே ஸ்ட்ரிப் வந்துவிட்டது. தீக்குச்சி போல ஒரு பிளாஸ்டிக் கீற்று, அதன் நுனியைச் சிறுநீரில் தோய்த்தால் நிறம் மாறும். கொதிக்க வைக்க வேண்டாம், வாடையும் இல்லை. சேருக்கு அது தெய்வ வாக்கு. அந்தப் போத்தலைத் தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருப்பார். காலையில் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு கீற்றையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அரைக் கீற்று அரைக் கீற்றாக எங்களுக்கு எண்ணித் தருவார். பெனடிக்ற் கரைசலை ஒரு நாள் சிங்க்கில் ஊற்றிவிட்டு, "இனி இந்த நாத்தம் இந்த அறையில வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். நான் போகும்போது அதன் போத்தல்கூட அங்கே இல்லை.

அந்த நுனியில் இருப்பது ஒரு நொதியம், என்சைம் என்பார்களே அது. அதற்குக் குளுக்கோஸை மட்டும்தான் தெரியும். வேறு எந்தச் சீனி பக்கத்தில் வந்து நின்றாலும் ஏறெடுத்தும் பார்க்காது. இது ஸ்ட்ரிப்பின் குற்றமில்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நீரிழிவு பார்க்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் உலகத்தில் சீனி என்றால் குளுக்கோஸ் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறவருக்கு அதைக் கையில் கொடுக்கக்கூடாது.

ஒரு நாள் காலை சிறுபிள்ளை வாட்டிலிருந்து ஒரு சிறுநீர் வந்தது. பிறந்து இரண்டு கிழமை ஆகாத ஆண் பிள்ளை, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தது. கூட வந்த துண்டுச்சீட்டில் வாட்டு டொக்டர் பரீதா, குளுக்கோஸ் உட்பட எல்லாத் தாழ்த்தும் சீனியையும் பார்க்கும்படி தெளிவாக எழுதியிருந்தா. அந்தச் சொல் உயர்தரத்தில் உயிரியல் படித்த எல்லோருக்கும் தெரியும். பெனடிக்ற் கரைசலை நிறம் மாற்றும் சீனிகள் எல்லாம் தாழ்த்தும் சீனிகள். சேர் துண்டை வாங்கினார், அரைக் கீற்றைத் தோய்த்தார், "சீனி: இல்லை" என்று முத்து முத்தாக எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் டொக்டர் பரீதாவே வந்து நின்றா. கண்டி டவுன் பிள்ளை, டொக்டராகி அதிக காலமில்லை. இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"சேர், நான் ஸ்ட்ரிப் கேக்கல்ல. எல்லாத் தாழ்த்தும் சீனியும்னா பெனடிக்ட்தானே செய்யணும்."

சேர் கண்ணாடியைத் துடைத்தார். "சீனி இல்லை எண்டு எழுதியிருக்குத்தானே டொக்டர். இதுக்கு மேல என்னத்தை எழுதுறது?"

"புள்ளக்கி மஞ்சள் காமாலை குறையவே இல்ல. பால் குடிச்சா வாந்தி. ஈரல் வீங்கிக் கையில தட்டுப்படுது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. பால்ல இருக்கிற சீனியே இந்தப் புள்ளக்கி ஆகல்லன்னு நினைக்கிறேன்."

"பெனடிக்ற் இப்ப இஞ்ச செய்யிறேல்லை."

"நான் செஞ்சு தர்றேன் டொக்டர்" என்றேன். சேர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

டொக்டரின் சந்தேகம் என்னவென்று சொல்கிறேன். பாலில் இருக்கும் சீனி லக்டோஸ். அது குடலில் இரண்டாக உடையும். ஒரு பாதி குளுக்கோஸ், மறு பாதி கலக்டோஸ். கலக்டோஸை உடம்பு அப்படியே பாவிக்க முடியாது, ஈரலில் சில நொதியங்கள் சேர்ந்து அதைக் குளுக்கோஸாக மாற்ற வேண்டும். ஆயிரத்தில் ஒன்று அல்ல, பல்லாயிரத்தில் ஒரு பிள்ளை அவற்றில் ஒரு நொதியம் இல்லாமல் பிறக்கும். அந்தப் பிள்ளை தாய்ப்பால் குடிக்கக் குடிக்க ஈரல் கெடும், கண்ணில் பூ விழும், கடைசியில் உயிரே போகும். கலக்டோஸ் சிறுநீரில் வரும். பெனடிக்ற் அதைக் காட்டும், ஸ்ட்ரிப் காட்டாது. பாலை நிறுத்தினால் பிள்ளை பிழைக்கும். அவ்வளவுதான் வைத்தியம்.

அலுமாரியின் அடித்தட்டில் தேவையான உப்புகள் எல்லாம் இருந்தன. இரண்டு வெள்ளை உப்புகளைச் சுடுநீரில் கரைத்தேன். செப்புச் சல்பேற்றின் நீலக் கல்லை உரலில் நொறுக்கி வேறாகக் கரைத்து, நூல் போல ஊற்றிக் கலக்கினேன். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் கட்டிபட்டுவிடும். செய்த கரைசலை நம்புவதற்கு முன்னால் வெறுமனே ஒரு குழாயில் கொதிக்க வைத்தேன். நீலம். குளுக்கோஸ் விட்டு ஒரு குழாய் கொதிக்க வைத்தேன். செங்கல். பிறகுதான் பிள்ளையின் சிறுநீரை விட்டேன். டொக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செம்மஞ்சளில் வந்து நின்றது.

"ஸ்ட்ரிப்ல இல்ல, இதுல இருக்கு" என்று டொக்டர் மெதுவாகச் சொன்னா. "இத எழுதித் தாங்க மிஸ். பெரிய டொக்டர் கண்டியில இருக்காரு. எழுத்துல முடிவு இல்லாம தாய்ப்பால நிறுத்தச் சொல்ல என்னால ஏலாது."

எழுதினேன். முடிவுத் துண்டில் பொறுப்பாளர் கையொப்பம் வேண்டும். சேரிடம் நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. எழுந்து வாட்டுக்குப் போனார். அந்த மனிதர் வாட்டுக்குப் போய் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. திரும்பி வரும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி.

"கேட்டனான். பிள்ளைக்குச் சீனித் தண்ணி தொட்டு வைக்கினமாம். தாயின்ர மாமியாரே சொல்லுறா. பிள்ளை வாந்தியெடுக்கேக்க எல்லாம் வைக்கிறவவாம். சீனி பட்ட கையாலதான் போத்திலைப் பிடிச்சிருப்பா. உங்கட தோட்டத்து ஆக்கள் எப்பதான் திருந்தப்போகினம் பிள்ளை?"

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். பிறந்த பிள்ளையின் நாக்கில் குடும்பத்தில் நல்ல குணம் உள்ள ஒருவர் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பார், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று. நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. டொக்டர்மார் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மலையகத்தவள் என்பதால் என்னையும் சேர்த்து "உங்கட தோட்டத்து ஆக்கள்" என்று அவர் சொன்னாரே, அது எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. அதைவிட எனக்குக் கோபம் மூட்டியது வேறு. கடையில் வாங்கும் சீனி சுக்ரோஸ். அது தாழ்த்தும் சீனி இல்லை. அந்த மாமியார் ஒரு மூட்டை சீனியைப் போத்தலில் கொட்டியிருந்தாலும் பெனடிக்ற் நீலமாகத்தான் நிற்கும்! இது ஏதோ பெரிய ஆராய்ச்சி இல்லை. பள்ளிக்கூடத்துப் பாடம். முதல் அத்தியாயம். அவரும் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய பாடம்.

தாய்ப்பால் சிந்திச் சிறுநீரில் கலந்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நின்று யோசித்திருப்பேன். பாலில் உள்ள லக்டோஸ் நிறம் மாற்றும், அது நியாயமான சந்தேகம். அவர் அதைச் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்ணின் கை அசுத்தம் என்பதுதான் அவருக்கு முதலில் வந்தது. அதற்கு மேல் யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

தேத்தண்ணி போடுகிற மூலையில் போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்தேன். ஒரு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து, அவர் கண்ணுக்கு முன்னால் குழாயில் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குழாயில் நீலம் அப்படியே இருந்தது. எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"பாருங்க சேர். சீனி."

கண்ணாடியைத் துடைத்தார். "சரி, அது வேற விஷயம். நான் காலமை இல்லை எண்டு எழுதிக் கையொப்பம் வச்சிட்டன். பிறகு இருக்கு எண்டு எழுதினா இந்த லேப்பை ஆர் மதிப்பினம்?"

அவருடைய மதிப்புக்கு ஒரு பிள்ளையின் ஈரல் விலை. "நீங்க வைக்கலேன்னா நான் வைக்கிறேன்" என்று சொன்னேன். "உமக்கு அந்த அதிகாரம் இல்லை" என்றார். இல்லைதான். ஆனாலும் பால் சிந்தும் சந்தேகத்தையும் தீர்த்துவிட வேண்டும் என்று வாட்டுக்குப் போனேன். பிள்ளையைக் கழுவித் துடைத்து, ஒரு சிறிய குழாயைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து சிறுநீர் பிடித்தேன். தாய் செல்வராணி, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி செய்தேன். மறுபடி செம்மஞ்சள். என் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்து டொக்டர் பரீதா கையில் கொடுத்தேன். இந்தச் சண்டையில் அந்த நாள் முழுக்கப் போய்விட்டது. அந்த நாள் முழுக்கப் பிள்ளை பால் குடித்தது.

பெரிய டொக்டருடன் போனில் பேசி அன்று மாலையே பாலை நிறுத்தினார்கள். டொக்டர் பரீதா தன் வாப்பாவிடம் சொல்லிக் கண்டியிலிருந்து சோயாப் பால் டின் எடுப்பித்தா. நாலைந்து நாளில் வாந்தி நின்றது. மஞ்சள் இறங்கியது. கண்ணில் லேசாகப் படர்ந்திருந்ததும் தெளிந்துவிடும் என்று சொன்னார்கள். சிறுநீரை மறுபடி பெனடிக்ற்றில் கொதிக்க வைத்தேன், நீலம். அந்த நீலத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

சந்தோஷமான சம்பவம் என்றால் இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். செய்தியைச் சொல்லலாம் என்று வாட்டுக்குப் போனேன். மாமியார் பாக்கியம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அடுத்த கட்டில்காரியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தா.

"நான் அப்பவே சொன்னேன், இவ பாலு வெசம்னு. யாரு கேட்டாங்க? இப்ப டாக்டரம்மாவே நிப்பாட்டிட்டாங்கல்ல. மூத்தத முழுங்குனவ, இதையும் முழுங்கப் பாத்தா."

செல்வராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! "இங்க பாருங்கம்மா, பாலு நல்ல பாலு. புள்ளைக்கு உள்ளுக்கு ஒரு சாமான் இல்லாம பொறந்திருக்கு. அந்தக் குறை தாய்கிட்டயிருந்து பாதி, தகப்பன்கிட்டயிருந்து பாதி, ரெண்டும் சேந்தாத்தான் வரும். உங்க மகன்கிட்டயும் இருக்கு" என்றேன்.

"எங்க பக்கத்துல அப்பிடி ஒண்ணும் கெடையாது."

"இவ யாரு உங்களுக்கு?"

"என் அண்ணன் மக."

"அப்ப உங்க பக்கம் எது, அவ பக்கம் எதும்மா?"

அப்போதுதான் செல்வராணி எழுந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், மூத்தது பொம்பளப் புள்ள. அதுக்கும் இப்பிடியேதான் மஞ்சளு, வாந்தி. இதே ஆஸ்பத்திரிதான். அதுக்கும் மூத்திரம் எடுத்தாங்க. சீனி ஒண்ணும் இல்லன்னு துண்டுல எழுதிக் குடுத்தாங்க. பால நல்லாக் குடுன்னு சொன்னாங்க. நானும் அது சாகுற வரைக்கும் குடுத்தேன். அப்ப அதுவும் பொழச்சிருக்குமா மிஸ்?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்திய வருஷம் அது. நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். கதவைக்கூடச் சாத்தாமல், எல்லோரும் கேட்கச் சேரிடம் சொன்னேன். இவளுடைய மூத்த பிள்ளைக்கும் நீங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பிள்ளை செத்துப்போய்விட்டது என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி துடைத்தார்.

"அப்ப ஸ்ட்ரிப் சரியாத்தானே சொல்லியிருக்கு" என்றார். "குளுக்கோஸ் இல்லைத்தானே."

அதில் பொய் இல்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல், குரலில் ஒரு பிசிறு இல்லாமல் அந்த மனிதர் அதைச் சொன்னார். அவரை ஓங்கி அறையாமல் நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

வாட்டுக்குப் போய்ச் செல்வராணிக்குப் பதில் சொன்னேன். மழுப்பவில்லை. பாக்கியத்தையும் கிட்டக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொன்னேன். "சரியா டெஸ்ட் பண்ணியிருந்தா அந்தப் புள்ளையையும் காப்பாத்தியிருக்கலாம். பிழை எங்க லேப்ல. உன் பால்ல இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் வாயைத் துணியால் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதினவரு இன்னும் அங்கதான் இருக்காரா மிஸ்?"

"இருக்காரு" என்றேன்.

அதிகாரம் இல்லாமல் கையொப்பம் வைத்ததற்காக அடுத்த மாதமே என்னைத் தெல்தெனிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தில்லையம்பலம் சேர் பென்ஷன் எடுக்கும்வரை அதே பொறுப்பில், அதே கதிரையில் இருந்தார்.